நீலச் சீசா

அத்தியாயம் ஒன்பது

போன வாரம் பால்துரையை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில், யாரோ ஒரு கறுப்புக் குடைக்காரனோடு காப்பி குடிக்க விட்டுவிட்டு வந்தோம். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று கேட்டு ஏழெட்டு வாசகிகள் கார்டு போட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்தால் சொல்லமாட்டேனா? நம்மைப் போலவே தூரத்தில் நின்று பார்த்த இன்னொருவன் தளவாய்புரத்து மொக்கைச்சாமி. பார்த்தவன் சும்மா இருக்கவில்லை. அன்றைக்கே ராஜபாளையம் வந்து ஏசம்மாள் காதில் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

நடுவில் படிக்க வந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஏசம்மாளின் புருஷன் ஜெபதுரை பெரிய சண்டையின்போது பட்டாளத்தில் பஸ்ரா வரைக்கும் போனவர். வலது மணிக்கட்டில் குண்டு பட்டபிறகு, அங்கேயே வெள்ளைக்காரத் துரைமார்களின் கல்லறைக் கற்களைச் சுத்தம் செய்யும் வேலையில் மூன்று வருஷம் இருந்தார். கல்லுக்கும் மருந்து உண்டு என்று தெரிந்துகொண்டது அங்கேதான். ஊருக்கு வந்து அதையே வியாபாரமாக வைத்தபோது சிரிக்காதவர்கள் இல்லை. இப்போது 1938-இல் பெரிய வீட்டுக்காரர்கள் முதல் திருப்பணிக் கமிட்டிக்காரர்கள் வரை அவரைத் தேடி வருகிறார்கள்.

சரக்கு இரண்டுதான். வெள்ளை டின்னில் மெழுகும் சவுக்காரமும் கலந்த பசை. சலவைக்கல் பாவிய தரைகளுக்கு. நீலச் சீசாவில் திராவகம், கருங்கல் தூண்களுக்கு. தூணில் அப்பிய பழைய சுண்ணாம்பைத் திராவகம் தின்றுவிடும், கருங்கல்லைத் தொடாது. அதே திராவகம் சலவைக்கல்லில் பட்டால் கல்லையே தின்றுவிடும். சுண்ணாம்பும் சலவைக்கல்லும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்பார் ஜெபதுரை.

மருந்து கலந்து, தக்கை வைத்து, அரக்கு முத்திரை குத்துவது ஏசம்மாள். அதை வீடு வீடாகக் கொண்டுபோய், தேய்த்துக் காட்டி விற்பது ஜெபதுரையின் தங்கை புருஷன் பால்துரை. அவனும் தங்கபாயும் அதே வளவில் பின்பக்கத்து வீட்டில் குடியிருக்கிறார்கள். கல்யாணமாகி ஆறு வருஷம். அந்த ஆறு வருஷத்தில் வளவுக்குள் ஒரு பெரிய சண்டை கிடையாது. கண்பட்டதோ என்னவோ, இந்தப் புதன்கிழமை விடிந்தது.

காலை ஆறரை மணிக்கு வைகுண்டராஜ் வீட்டு ஆள் சைக்கிளில் வந்து இறங்கினான். வைகுண்டராஜ் வீட்டு ஹாலை ராஜபாளையத்தில் அறியாதவர் இல்லை. அவருடைய அப்பா பம்பாயிலிருந்து ரயிலில் வரவழைத்துப் பாவிய சலவைக்கல் தரை. இன்னும் பத்து நாளில் அதே ஹாலில்தான், ராஜு என்று ஊர் சொல்லும் வைகுண்டராஜின் மகளுக்குக் கல்யாணம்.

வந்தவன் ஜெபதுரையிடம் தட்டுத்தடுமாறிச் சொன்னான். நேற்று மத்தியானம் ஹாலைக் கழுவியதில் தரையெல்லாம் வெந்துபோய்விட்டது. திரிந்த பாலைக் கொட்டிக் காயவைத்தது மாதிரி திட்டுத்திட்டாகக் கிடக்கிறது. பக்கத்தில் ஒரு நீலச் சீசா இருந்தது.

"எங்க வீட்டுக்குச் சரக்கு கொண்டாறது உங்க தங்கச்சி மாப்பிள்ளை ஒருத்தர்தான். இது கைப்பிசகா, இல்ல வேணும்னு செஞ்சதான்னு சாயங்காலத்துக்குள்ள எங்க ஐயாவுக்குத் தெரியணுமாம். இல்லேன்னா போலீசுக்குச் சொல்லுவாகளாம்."

சொல்லிவிட்டு அவன் சைக்கிளில் ஏறிவிட்டான். ஜெபதுரை வாசலிலேயே நின்றார்.

பால்துரை வீட்டில் இல்லை. முதல் பஸ்ஸிலேயே ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தான். மடவார் வளாகத்துக்குப் போகிற வழியில் ஒரு பழைய சத்திரம். அதன் கல் மண்டபத்தைப் புதுப்பிக்கிறார்கள். வருஷா வருஷம் வெள்ளையடித்து வெள்ளையடித்துத் தூண்களில் இருந்த சிற்பமெல்லாம் மூடிப்போயிருந்தது. ஒரு தூணை மாதிரிக்குச் சுத்தம் செய்து காட்டினால் மண்டபம் முழுவதும் இவர்களுக்கு என்று பேச்சு.

"நான் சொன்னா இந்த வீட்டுல யாரு கேக்கா?" என்று ஆரம்பித்தாள் ஏசம்மாள். "அந்தக் குடைக்காரன் மதுரையில கல் பாலீஷ் கம்பேனி வச்சிருக்கானாம். மொக்கைச்சாமி விசாரிச்சுட்டான். நம்ம பேரு கெட்டாத்தான் அவன் இங்க வந்து கடை போட முடியும். பேரைக் கெடுக்கதுக்கு உள்ளுக்குள்ள ஒரு ஆளு வேணும்லா?"

"செத்த நேரம் சும்மா இரு," என்றார் ஜெபதுரை. ஆனால் அந்தப் பேச்சு அவருக்குள் இறங்கிவிட்டது. பின்பக்கத்திலிருந்து வந்து கதவோரம் நின்ற தங்கையைப் பார்த்தார்.

"ஏட்டி தங்கபாய், அவன் உங்கிட்ட எதுவும் சொன்னானா?"

"இல்லண்ணே."

"அவன் செஞ்சிருப்பானா? நீ சொல்லு. நீ சொன்னா நான் நம்புதேன்."

செய்யமாட்டாவ என்று ஒரே வார்த்தை சொன்னால் போதும். தங்கபாய் வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

அதற்குக் காரணம் இருந்தது. திராவக வேலைக்குப் போகிற நாளில் பால்துரை கோட்டுப் போடமாட்டான், பழைய சட்டைதான். ஆணியில் தொங்கிய கோட்டை இன்று காலையில் அவள் தூசி தட்ட எடுத்தாள். உள்பையில் நாலாக மடித்த காகிதம் ஒன்று இருந்தது. அவன் கையெழுத்து.

ஒன்று, வைகுண்டராஜ், ஹால், சலவைக்கல். இரண்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் சத்திரம், தூண், கருங்கல். மூன்று, தளவாய்புரம் பண்ணை வீடு, நடை, கடப்பைக்கல். இப்படி இருபத்திரண்டு இடம். எந்த வீட்டில் என்ன கல், எந்த மருந்து கேட்கும் என்று எல்லாம் அதில் இருந்தது.

இந்த இருபத்திரண்டும் பால்துரைக்கு மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான். மனப்பாடமாகத் தெரிந்ததை ஒருவன் எதற்கு எழுதுகிறான்? இன்னொருவனுக்குக் கொடுக்கத்தானே? அந்தக் கேள்வி வந்ததும் தங்கபாய் காகிதத்தைத் திரும்பவும் நாலாக மடித்தாள். வீட்டில் எதையாவது ஒளித்துவைக்க அவளுக்கு இருந்தது ஒரே இடம், உளுந்து டின். காகிதத்தை அதற்குள் செருகி மூடிவிட்டுத்தான் வாசலுக்கு வந்திருந்தாள்.

தங்கை பேசாமல் நின்றதை ஜெபதுரை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

"நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போறேன்," என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டார். "சாயங்காலம் நான் திரும்பி வாரதுக்குள்ள அவன் மேல தப்பில்லேன்னு தெரிஞ்சா சரி. இல்லேன்னா இந்த வளவுல அவனுக்கு இடமில்ல. நீ இரு, உனக்கு இது பொறந்த வீடு. அவன் இருக்கக்கூடாது."

*

சத்திரத்து மண்டபத்தில் பால்துரை தூணோடு தூணாக ஒட்டி நின்று தேய்த்துக்கொண்டிருந்தான். நீலச் சீசாவிலிருந்து கொஞ்சம் திராவகம், தேங்காய் நார் பிரஷ், உடனே தண்ணீர். சுண்ணாம்பு பொங்கி வழிந்து இறங்க இறங்க, கருங்கல்லில் ஒரு பெண்ணின் தோள் தெரிந்தது. தோளின் மேல் தண்ணீர் சொட்டுகிற ஒரு கிளியின் வால்.

சத்திரத்து மேனேஜர் தனுஷ்கோடி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஜெபதுரையைக் கண்டதும் எழுந்தார்.

"வாங்க ஜெபதுரை. நானும் பத்து வருசமா இந்தத் தூணுல சாஞ்சு உக்காந்திருக்கேன். உள்ள கிளி இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியுது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ராஜபாளையத்துல ஏதோ ராஜு வீட்டுத் தரை வெந்துபோச்சாமே? பஸ்ஸுக்காரன் சொல்லுதான். எங்க தூணு வெந்துராதுல்லா?"

"கருங்கல்லு வேகாது," என்றார் ஜெபதுரை.

"நீங்க சொல்லுதிய. ஆனா அந்த வீட்டுக்காரருக்கும் வேகாதுன்னுதானே சொல்லியிருப்பிய?"

ஜெபதுரை மைத்துனனைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார். கேட்கவேண்டியதைச் சுற்றிவளைத்துக் கேட்டார். நேற்று எங்கே போனாய், கையில் எத்தனை சீசா இருந்தது, யாரிடமாவது கொடுத்தாயா? பால்துரை பிரஷ்ஷோடு அவர் பக்கம் திரும்பினான்.

"மச்சான், நேராக் கேளுங்க."

"நீதான் செஞ்சியா?"

"இல்ல."

"அந்தக் குடைக்காரன் யாரு?"

"மதுரைக் கம்பேனிக்காரர். அவர்கிட்ட வேலைக்கு வாரியான்னு கேட்டார்."

"நீ என்ன சொன்ன?"

"யோசிச்சுச் சொல்லுதேன்னேன்."

பாவி மனிதன்! வரமாட்டேன் என்று சொன்னேன் என ஒரு சின்னப் பொய் சொல்லியிருந்தால் மற்றதையெல்லாம் ஜெபதுரை நம்பியிருப்பார். உண்மையைச் சொன்னான், காரியம் கெட்டது.

"பிரஷ்ஷக் குடு," என்றார் ஜெபதுரை.

"மச்சான், கிளியோட தலை மட்டும்தான் பாக்கி."

"குடுலே."

தனுஷ்கோடி பார்க்க, அவன் கையிலிருந்த பிரஷ்ஷை அவர் பிடுங்கினார். பால்துரை தொட்டித் தண்ணீரில் முழங்கை வரைக்கும் கழுவினான். வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

"தங்கபாய் என்ன சொன்னா?" என்று கேட்டான்.

"அவ என்ன சொல்லுவா? அவன் செஞ்சிருப்பானான்னு கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னா."

அதுவரைக்கும் அவன் முகம் கோபமாகத்தான் இருந்தது. இதைக் கேட்டபிறகு கோபம் போய்விட்டது. மத்தியான பஸ்ஸுக்கு நடந்தான்.

ஜெபதுரை கிளியின் தலையைத் தேய்க்க ஆரம்பித்தார். காயம்பட்ட மணிக்கட்டு பத்து நிமிஷத்துக்கு மேல் தாங்கவில்லை. ஒரு அலகு மட்டும் வெளியே வந்தது.

*

இங்கே ராஜபாளையத்தில், சாப்பாட்டு நேரம் வரை தங்கபாய் அடுப்பே பற்றவைக்கவில்லை. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு சேலை மாற்றினாள்.

"எங்க கெளம்பிட்ட?" என்றாள் ஏசம்மாள்.

"ராஜு வீட்டுக்கு. அந்தச் சீசாவ என் கண்ணால பாக்கணும் மைனி."

"நீ தனியாப் போனா புருசனுக்கு வக்காலத்து வாங்க வந்திருக்கான்னு சொல்லுவாவ. இரு, நானும் வாரேன்."

நாத்தனார் மேல் பிரியத்தால் கிளம்பினாள் என்று நினைக்கவேண்டாம். தங்கபாய் அங்கே போய் என்ன பேசுவாளோ, எதை மறைப்பாளோ என்று ஏசம்மாளுக்குச் சந்தேகம். தங்கபாய்க்கும் அது தெரியும். இரண்டு பேரும் ஒரு குடையில் நடந்தார்கள்.

ராஜு வீட்டம்மா அழுது அழுது முகம் வீங்கியிருந்தாள். "ரண்டம்மா," என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். வீட்டில் தெலுங்கும் வெளியாட்களிடம் தமிழுமாகப் பேசுகிற அம்மாள்; வருத்தத்தில் இரண்டும் கலந்து வந்தது. "வந்து பாருங்க. எம் பொண்ணு மணையில உக்காரப்போற எடம்!"

தங்கபாய் வெறுங்காலோடு ஹாலுக்குள் போனாள். இந்தத் தரையை அவளுக்குத் தெரியும். ஒருமுறை பால்துரை மெழுகு தேய்த்த மறுநாள் வந்து பார்த்திருக்கிறாள். அன்றைக்குக் கால் வழுக்கியது; முகம் பார்க்கலாம் போலிருந்தது. இன்றைக்கு உள்ளங்காலில் மணல் மாதிரி நரநரத்தது. ஹாலின் பாதி இப்படி. தன் புருஷன் கை பட்டுப் பளபளத்த தரை இப்படிக் கிடக்கிறதே என்று குனிந்து தடவிப் பார்த்தாள். இதை அவரே செய்திருந்தால்? அந்த நினைப்பைத் தள்ள முடியவில்லை.

சீசாவைக் கொண்டுவரச் சொன்னாள். நீலச் சீசாதான், சந்தேகமில்லை. ஆனால் அரக்கு முத்திரை இல்லை. முத்திரை உடைந்த அடையாளமும் இல்லை. வாயில் ஒரு பழைய தக்கை, தக்கையைச் சுற்றி ஒரு துணிக் கிழிசல். திராவகத்தின் ஆவியில் ஓரமெல்லாம் பொடிந்திருந்தாலும் துணி இன்னதென்று தெரிந்தது. பச்சையும் சிவப்பும் கலந்த கட்டம்.

போன கிறிஸ்துமஸுக்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு மைனிக்குத் தங்கபாய் எடுத்துக்கொடுத்த சேலை அது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஏசம்மாள் சீசாவைப் பார்க்காமல் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தரையைக் கழுவுனது யாருங்கம்மா?" என்று கேட்டாள் தங்கபாய்.

"எங்க வெள்ளத்தாய்தான். நேத்துலருந்து கெணத்தடியை விட்டு வரமாட்டேங்கா. கேட்டா ஒண்ணும் தெரியாதுங்கா. பால்துரைதான் எப்பவும் கொண்டாருவாரும்பா, பொறவு அழுவா."

கிணற்றடியில் வெள்ளத்தாய் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயசிருக்கும். இவர்களைப் பார்த்ததும் எழுந்து, "எனக்கு ஒண்ணும் தெரியாது தாயி," என்றாள்.

தங்கபாய் அவளை ஒன்றும் கேட்கவில்லை. கிணற்றுக்குப் பக்கத்தில் துணி துவைக்கிற கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நல்ல கருங்கல் பாளம். சுற்றிலும் கிணற்றடியெல்லாம் பச்சைப் பாசி. அந்தக் கல்லில் மட்டும் ஒரு பொட்டுப் பாசி கிடையாது. சோப்புக் கறைகூட இல்லை. நேற்றுக் கொத்தி இறக்கின கல் மாதிரி இருந்தது.

"இந்தக் கல்லை எதுல கழுவுன?" என்றாள்.

வெள்ளத்தாய் ஏசம்மாளைப் பார்த்தாள். சொல்லவா வேண்டாமா என்று கேட்கிற பார்வை.

"சொல்லு," என்றாள் ஏசம்மாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"இந்தச் சலவைக்கல்லுல வழுக்கி விழுந்து போன மாசம் எனக்கு முட்டி பேந்துபோச்சு தாயி. உங்க வீட்டுக் கொல்லைப் பக்கமா வந்து இந்தம்மாகிட்டக் கேட்டேன். சலவைக்கல்லு பாசி புடிச்சு வழுக்குது, ஏதும் மருந்து இருக்கான்னு. பாவம், எம் முட்டியப் பாத்துட்டு இவியதான் அரைச் சீசா குடுத்தாவ. காசுகூட வாங்கல. கையில படாம ஊத்தி நாரை வச்சுத் தேயின்னாவ. அம்புட்டுப் பாசியும் போயிருச்சு."

"பொறவு?"

"நேத்து எங்க வீட்டம்மா ஹாலைக் காட்டி, சலுவராயிய நல்லாக் கழுவுன்னாவ. சலவைக்கல்லைத்தான் அவிய அப்படிச் சொல்லுவாவ. நம்மகிட்டதான் சலவைக்கல்லு மருந்து மிச்சம் இருக்கேன்னு எடுத்து ஊத்துனேன். நொரை நொரையாப் பொங்கிச்சு தாயி. எம்புட்டு அழுக்கு இருந்திருக்கு பாருன்னு நெனச்சு இன்னும் ஊத்துனேன்." அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "ரெண்டும் சலவைக்கல்லுதானே?"

இரண்டும் சலவைக்கல்தான். ஒன்றில் துணியைச் சலவை செய்கிறோம். இன்னொன்று சலவை செய்த துணி மாதிரி வெளுப்பாக இருக்கிறது. எந்தப் புண்ணியவான் இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்தானோ, அவனைப் பிடித்து இந்த ஹாலில் நிறுத்தவேண்டும்.

தங்கபாய் அப்படியே கிணற்றுச் சுவரில் சாய்ந்துவிட்டாள். அவர் செய்யவில்லை. காலையிலிருந்து நெஞ்சில் கிடந்தது இறங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது. சந்தோஷமா வெட்கமா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஏசம்மாள் அதற்குள் வாசலுக்குப் போய்விட்டாள். ராஜு வீட்டம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "போயிட்டு வாரோம்," என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

*

கண்மாய்க் கரைப் புளியமரம் வரைக்கும் இரண்டு பேரும் நடந்தார்கள். அங்கே வந்ததும் ஏசம்மாள் நின்றாள்.

"ஏட்டி, அந்தத் துணி..."

"பாத்தேன் மைனி."

"முத்திரை போடாம ஒரு சொட்டு வெளிய போகக்கூடாதுன்னு உங்கண்ணன் எத்தனை தடவ சொல்லியிருக்காவ! அவ முட்டியில ரத்தம் ஒழுகுச்சு, மனசு கேக்கல. குடுத்தது மறந்தேபோச்சு. சத்தியமா மறந்துபோச்சு."

"சரி மைனி."

"உங்கண்ணன்கிட்ட சொல்லப்போறியா?"

தங்கபாய் குடையை மடக்கினாள். "நான் சொன்னா என்ன ஆகும்? புருசனைக் காப்பாத்த மைனி தலையில போடுதான்னு சொல்லுவாவ. நீங்கதான் சொல்லணும். அண்ணன்கிட்டயும் சொல்லணும், அந்த ராஜு வீட்டம்மாகிட்டயும் சொல்லணும். காலையில நீங்க பேசுன பேச்சு எல்லாத்தையும் நான் கேட்டுக்கிட்டு நின்னேன்ல, அதே மாதிரி நின்னு சொல்லணும்."

ஆறு வருஷத்தில் தங்கபாய் இவ்வளவு நீளமாகப் பேசி ஏசம்மாள் கேட்டதில்லை. 

"நீ வீட்டுக்குப் போ," என்றாள். "நான் திரும்பிப் போயி அந்தம்மாகிட்ட இப்பவே சொல்லிட்டு வாரேன்."

ஏசம்மாள் வந்த வழியே திரும்பி நடந்தாள். தங்கபாய் வீட்டுக்குப் போகவேண்டியதுதானே? போகவில்லை. மைனி உண்மையிலேயே ராஜு வீட்டுக்குள் போகிறாளா, இல்லை தெரு முனையில் செத்த நேரம் நின்றுவிட்டு வந்து சொல்லிவிட்டேன் என்பாளா? ஒருதரம் சந்தேகப்பட ஆரம்பித்த மனசு லேசில் விடுமா? புளியமரத்தடியிலேயே நின்று தெருவைப் பார்த்தாள். ஏசம்மாள் அந்தப் பெரிய வாசலுக்குள் நுழைவதைப் பார்த்தாள். வெளியே வருகிறவரைக்கும் அங்கேயே நின்றாள். அரை மணி நேரம்.

திரும்பி வந்த ஏசம்மாளின் கண் சிவந்திருந்தது. "சொல்லிட்டேன்," என்றாள். "கையைப் புடிச்சுக்கிட்டு அழுதேன். போலீஸ் வேண்டாமுன்னுட்டாவ. வெள்ளத்தாயையும் ஒண்ணும் சொல்லமாட்டாவ. ஆனா கல்யாணத்துக்குள்ள தரை பழையபடி ஆகணுமாம். தேய்ப்புக்கல்லு வச்சுத் தேச்சு மெருகு ஏத்துனா ஆகும்னு எனக்கும் தெரியும். ஆனா உங்கண்ணன் கையால ஆகாது. பால்துரை அண்ணன் நாளைக்கே உக்காந்தாத்தான் உண்டு."

"அவிய செய்வாவ," என்றாள் தங்கபாய். காலையில் வராத வார்த்தை இப்போது தடையில்லாமல் வந்தது.

அவர்கள் வளவுக்குள் நுழையும்போது ஜெபதுரையும் பஸ் இறங்கி வந்துகொண்டிருந்தார். வலது கையை இடது கையால் பிடித்தபடி வந்தார். ஏசம்மாள் அவரை உட்காரக்கூட விடவில்லை. வாசலிலேயே நிறுத்தி, துணிக் கிழிசல் முதல் சலுவராயி வரைக்கும் சொல்லி முடித்தாள். தன் தப்பைக் கொஞ்சமும் குறைத்துச் சொல்லவில்லை. அந்த மட்டுக்கும் அவளைப் பாராட்டவேண்டும்.

ஜெபதுரை படியில் உட்கார்ந்துவிட்டார். மனைவியைத் திட்டுவார் என்று தங்கபாய் பயந்தாள். அவர் திட்டவில்லை.

"நாலு பேருக்கு முன்னால அவன் கையிலருந்து பிரஷ்ஷப் புடுங்கிட்டனே," என்றார். பிறகு எழுந்து பின்பக்கம் பார்த்து, "மாப்பிள! ஏ மாப்பிள!" என்று கூப்பிட்டார்.

பதில் இல்லை. எதிர்வீட்டுப் பாலம்மாள்தான் தெருவுக்கு வந்து பேசினாள்.

"அவரைத் தேடுதியளா? மத்தியான பஸ்ஸுல வந்தாரு. ரொம்ப நேரம் உள்ளயே இருந்தாரு. பொறவு பையைத் தூக்கிக்கிட்டு ரயில் ஸ்டேஷன் பக்கமாப் போனாரே. இப்பத்தான், ஒரு அரை மணி நேரம் இருக்கும்."

அரை மணி நேரம். தங்கபாய்க்குப் புளியமரம் நினைவுக்கு வந்தது. மைனியை நம்பி நேரே வந்திருந்தால் அவனை வாசலில் பிடித்திருப்பாள்.

ஜெபதுரை துண்டை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினார். தங்கபாய் பின்வீட்டுக்குள் போனாள். ஆணியில் கோட்டு இல்லை. பரண்மேல் இருந்த தோல் பை இல்லை. மற்றதெல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது.

உளுந்து டின்னின் மூடி மட்டும் அழுத்தி மூடியிருந்தது. அவள் ஒருநாளும் அப்படி மூடுகிறவள் இல்லை. கோட்டுப் பையில் காகிதத்தைக் காணாமல் அவன் இங்கே தேடியிருக்கிறான். நகம் வலிக்க நெம்பித் திறந்தாள்.

காகிதம் அங்கேயே இருந்தது. எடுத்துக்கொண்டு போகவில்லை; அவனுக்குத்தான் மனப்பாடமாயிற்றே. யாருக்காக எழுதினான் என்று இனி அவனைக் கேட்டால்தான் தெரியும். உளுந்துக்குள் கைவிட்டு அதை எடுத்துப் பிரித்தாள். இருபத்திரண்டு வரிகள். அவற்றுக்குக் கீழே, பென்சிலில், இன்றைக்கு எழுதிய ஒரு வரி.

இருபத்துமூன்று, தங்கபாய், என் வீடு. என்ன கல் என்று தெரியவில்லை.